அம்மா நேர்ந்த வாய்

என் அம்மா மேரிசாந்தி நேர்த்தி வைப்பதில் கெட்டிக்காரி. எந்த மாதாவிடம் எதைக் கேட்க வேண்டும், பதிலுக்கு எதைக் கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஒரேயொரு குறை, கொடுக்கிற பொருள் எப்போதும் மற்றவர்களுடையது. அப்பாவின் சிகரெட் அப்படித்தான் போனது. தம்பி கிருசாந்தனின் பிளேஸ்டேஷன் அவனுடைய பரீட்சை முடியும்வரை அம்மாவின் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. இந்த முறை என் வாய்.

தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதனுக்கு முதல் நாள், லண்டன் செவன் கிங்ஸ் வீட்டுக் குசினியில் பான்கேக் சுட்டுக்கொண்டு நின்றபோதுதான் அதைச் சொன்னார். சட்டியைப் பார்த்தபடி, உப்புக் குறைவு என்று சொல்கிற குரலில் சொன்னார்.

"பிள்ளை, நாளைக்குத் தொடங்கி உயிர்ப்புப் பெருநாள் வரைக்கும் நீ இறைச்சி, வைன், சீஸ் ஒண்டும் வாயில வைக்கக் கூடாது. போன ஆடியில வால்சிங்கம் மாதா கோயிலுக்குப் போனபோது உன்ர வேலைக்கெண்டு மாதாவிட்ட நேர்ந்திட்டன்."

"வேலைக்கோ? எந்த வேலைக்கு?"

"அதுதான், அந்த மலையில சாப்பாடு காட்டுற வேலை."

எனக்குச் சிரிப்பதா கத்துவதா என்று தெரியவில்லை. கத்தினேன்.

அந்த வேலை என்னவென்று சொன்னால்தான் நான் கத்தியதன் நியாயம் விளங்கும். என் பெயர் பெனிற்றா. காப்புறுதிக் கம்பனியொன்றில் சில வருடம் குப்பை கொட்டிவிட்டு, அது அலுத்துப்போய் வைன் படித்தவள். குடிப்பதற்கு என்ன படிப்பு என்று சொந்தக்காரர் எல்லாரும் கேட்டார்கள். நான் படித்துச் சித்தியடைந்து, ஒரு வைன் பாரில் வேலையும் எடுத்துவிட்டேன். லக்ஷ்மிப்ரியா என்பவர் லண்டனில் ஒரு சின்னச் சுற்றுலாக் கம்பனி நடத்துகிறார். சென்னைக்காரர், முன்பு வங்கியில் பெரிய பதவியில் இருந்தவர். கோடைகாலம் முழுவதும் சுவிஸ் மலை நகரமொன்றுக்கு ஆட்களைக் கூட்டிப் போய், பால் பண்ணை, வைன் நிலவறை, ஹோட்டல் குசினி என்று நடத்தி, ஒவ்வோர் இடத்திலும் உண்ணவும் குடிக்கவும் கொடுத்து, எதை எப்படிச் சுவைப்பது என்று சொல்லிக் கொடுக்க ஒரு வழிகாட்டி தேவை. போன கோடையிலேயே விண்ணப்பித்து, நேர்முகத்தில் நான் தேறிவிட்டேன். மிச்சம் இருந்தது ஒரு பரீட்சை மட்டும். மார்ச் மாதத்துச் சனிக்கிழமையொன்றில், லண்டனிலேயே, கோடைப் பயணத்துக்கு வரலாமா என்று யோசிக்கிற ஒரு கூட்டத்தை நான் கடை கடையாகச் சுவைநடை கூட்டிப் போக வேண்டும். லக்ஷ்மிப்ரியா கூடவே வந்து பார்ப்பார்.

அந்த வேலைக்கு நான் ஆசைப்பட்டேன் என்று சொல்வது போதாது. அது என்னுடைய வேலை, இன்னும் என் கையில் வந்து சேரவில்லை, அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதன் பரீட்சை தவக்காலத்தின் நட்டநடுவில் வந்து விழுந்தது.

"அம்மா, ஆரைக் கேட்டு என்ர வாயை நேர்ந்தனீங்கள்?"

"விருப்பமானதைத்தானே விடோணும். உனக்கு என்ன விருப்பமெண்டு எனக்கென்ன தெரியும்? உன்ர பிரிட்ஜைத் திறந்து பாத்தன். அதுக்குள்ள என்ன கிடந்துதோ அதைச் சொன்னன்."

"இறைச்சியும் சீஸும் வைனும்தான் அந்த வேலையே! வேலை கிடைக்கோணுமெண்டு, அந்த வேலையைச் செய்யக் கூடாதெண்டு நேர்ந்திருக்கிறியள்."

அம்மா பான்கேக்கைப் புரட்டிப் போட்டார். "ஏலாதெண்டால் விடு. நான் வைச்ச நேர்த்தி, நான் பாத்துக்கொள்ளுறன். முழங்காலில நிண்டு பதினாலு தலமும் சிலுவைப்பாதை செய்வன்."

அந்த முழங்கால் போன கார்த்திகையில் ஒப்பரேஷன் செய்து மாற்றிய முழங்கால். படியில் இறங்கும்போதே "யேசுவே" என்று கூப்பிடுகிறவர் அதை வைத்துக்கொண்டு பதினான்கு தலமும் நகருவார். கட்டாயம் நகருவார், அதுதான் பிரச்சினை. அம்மா மிரட்டுவதில்லை. தான் செய்யப்போவதை மட்டும் அமைதியாகச் சொல்வார், நாங்கள் எல்லாரும் விழுந்துவிடுவோம். எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்கு எட்டுப் பான்கேக் சாப்பிட்டேன். அடுத்த நாள் காலை நெற்றியில் சாம்பலோடு வேலைக்குப் போனேன்.

லக்ஷ்மிப்ரியாவிடம் முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். யோசித்தும் பார்த்தேன். ஆனால் முப்பத்துமூன்று வயதில், வேலை கேட்கப் போகிற இடத்தில், "அம்மா நேர்ந்துவிட்டா" என்று எப்படிச் சொல்வது? அதற்கு மேல் அவரிடம் ஒரு விதி இருந்தது. நடைக்கு முதல் வாரம் போனில் அதைத்தான் அழுத்திச் சொன்னார்.

"ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க பெனிற்றா. எந்தத் தட்டு வந்தாலும் முதல் வாய் வழிகாட்டியோடது. நீங்க சாப்பிட்டாதான் அவங்க கை நீளும். தெரியாத சாப்பாடுன்னா ஜனங்களுக்கு ஒரு பயம் இருக்கும் இல்லையா?"

"ஓம், விளங்குது," என்றேன். எனக்கு என் மூக்கில் நம்பிக்கை இருந்தது. கொடுக்கப்போகிற எல்லாவற்றையும் முன்பே பலமுறை சுவைத்தவள் நான். மணத்தை வைத்தே முழு நடையையும் ஓட்டிவிடலாம். வாயில் போடுவதுபோல் ஒரு நடிப்பு நடித்தால் சரி. பள்ளி நாடகத்தில் மூன்று வருடம் தொடர்ந்து ஏரோது மன்னனாக நடித்தவளுக்கு இது ஒரு வேலையா?

சனிக்கிழமை பின்னேரம் லண்டன் பிரிட்ஜ் நிலையத்துக்கு வெளியே பன்னிரண்டு பேர் குடைகளோடு நின்றார்கள். லக்ஷ்மிப்ரியா சற்றுத் தள்ளி, நீலக் கோட்டோடு, பன்னிரண்டு பேரையும் என்னையும் ஒரே பார்வையில் அளந்துகொண்டு நின்றார். நான் குரலை உயர்த்தி வணக்கம் சொன்னேன், மழையைப் பற்றி ஒரு பகிடி விட்டேன், நடந்தோம். தொடக்கம் பிசகவில்லை. கூட்டத்தை நடத்திப் போவது எனக்கு இயல்பாக வரும்; கோயில் பெருநாளில் கொடி பிடிக்கிற பிள்ளைகளை வரிசையில் கொண்டு போனவள் நான்.

முதல் இடம், ரயில் பாலத்து வளைவுக்குக் கீழே இருக்கும் சீஸ் கடை. மலையிலிருந்து வரும் மென்மையான சீஸ் ஒன்றை வைத்திருந்தார்கள், தோலை உப்புத் தண்ணீரால் கழுவிக் கழுவிப் பழுக்க வைப்பது. மணம் ஆளைத் தூக்கும், சுவை அவ்வளவு சாது. நான் ஒரு துண்டை எடுத்து, வாய்க்குக் கொண்டு போய், அந்தப் பக்கம் திரும்பி, கடதாசித் துவாயில் சுற்றிக் கோட்டுப் பைக்குள் போட்டுவிட்டேன். பிறகு கண்ணை மூடி மெதுவாக மென்றேன். வெறும் வாயை அவ்வளவு சுவையாக யாரும் மென்றிருக்க மாட்டார்கள்.

பன்னிரண்டு கைகளும் நீண்டன. "எப்படி இருக்கிறது?" என்று கேட்டேன். உயரமான ஒருவர், பல் வைத்தியராம், "நன்றாயிருக்கிறது," என்றார். பச்சைத் தொப்பி போட்ட அம்மணியும் "நன்றாயிருக்கிறது," என்றார். மற்றவர்களும் அதையே சொன்னார்கள். நான் அந்தச் சீஸைப் பற்றித் தெரிந்ததையெல்லாம் சொன்னேன், அவர்கள் மரியாதையாகத் தலையாட்டினார்கள். லக்ஷ்மிப்ரியாவின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பரீட்சை ஓடியது, ஆனால் யாருக்கும் பசி எடுக்கவில்லை. அது எனக்கே தெரிந்தது.

இரண்டாவது இடம் காற்றில் உலர்த்திய மாட்டிறைச்சி விற்கும் கடை. சின்னக் கடை, பதினாலு பேர் நெருக்கியடித்து நின்றோம். குளிர் என்று கடைக்காரர் ஹீட்டரை முழுதாக முடுக்கி விட்டிருந்தார், நான் அதற்குப் பக்கத்தில் நின்றேன். அது எவ்வளவு பெரிய மடத்தனம் என்று எனக்கு விளங்குவதற்கு முன்பே என் பைக்குள் இருந்த சீஸுக்கு விளங்கிவிட்டது.

முதலில் பச்சைத் தொப்பி அம்மணி மூக்கைச் சுருக்கினார். பிறகு பல் வைத்தியர் தன் சப்பாத்தின் அடியைத் தூக்கிப் பார்த்தார். ஒவ்வொருவராகத் தங்கள் சப்பாத்தைப் பார்க்கத் தொடங்கினார்கள். கடைக்காரர் பதறிப்போய், தன் இறைச்சி கெட்டுவிட்டதோ என்று ஒவ்வொரு துண்டாக மோந்து பார்த்தார். அந்த மனிதரைப் பார்க்கத்தான் எனக்குப் பாவமாக இருந்தது. ஒரு பிழையும் செய்யாதவர்.

பச்சைத் தொப்பி அம்மணி என் கோட்டுக்குப் பக்கத்தில் குனிந்தார். நிமிர்ந்தபோது, கள்ளனைப் பிடித்த சந்தோஷம் அவர் முகத்தில். "உங்கள் பைக்குள் ஏதோ இருக்கிறது," என்றார்.

நான் அந்தக் கடதாசித் துவாயை வெளியே எடுத்தேன். சீஸ் உருகி என் விரலெல்லாம் வழிந்தது.

லக்ஷ்மிப்ரியா தமிழில் கேட்டார், மெல்லமாக. "நீங்க அங்க சாப்பிடவே இல்லையா?"

"இல்லை."

"ஏன்? பிடிக்காதா?"

அந்தக் கேள்வி எனக்குச் சுட்டுவிட்டது. பிடிக்காதா? அந்தச் சீஸைக் கனவில் காண்கிறவளிடம்! போனால் வேலை போகட்டும், எனக்குச் சாப்பாடு பிடிக்காது என்று ஒருவரும் நினைக்கக் கூடாது. நான் எல்லாருக்கும் கேட்கும்படி ஆங்கிலத்தில் சொன்னேன். இது தவக்காலம். என் அம்மா என்னைக் கேட்காமல், என் வாயை மாதாவுக்கு நேர்ந்துவிட்டார். இறைச்சி இல்லை, சீஸ் இல்லை, வைன் இல்லை. எதற்கென்றால், உங்களுக்கு இதையெல்லாம் காட்டுகிற இந்த வேலை எனக்குக் கிடைக்க வேண்டுமாம்.

பல் வைத்தியர் சிரிக்கத் தொடங்கினார், பின்னாலேயே மற்றவர்களும். கடைக்காரர் பெரிய மூச்சு விட்டு இறைச்சித் தட்டைக் கீழே வைத்தார். நானும் சிரித்தேன். சிரித்து முடித்தபோது, இனி மறைக்க ஒன்றுமில்லை என்பதே எனக்கு ஒரு பலமாக இருந்தது. துவாயைத் திரும்பவும் பைக்குள் திணித்துவிட்டு, அந்த இறைச்சித் தட்டைத் தூக்கிப் பல் வைத்தியரின் முன்னால் நீட்டினேன்.

"மூன்று கிழமையாக நான் இதைத் தொடவில்லை. அதனால் உங்கள் வாய்தான் இன்றைக்கு என் வாய். சாப்பிட்டுவிட்டு எனக்குச் சொல்லுங்கள்."

அவர் ஒரு துண்டைச் சாப்பிட்டார். "நன்றாயிருக்கிறது."

"அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? எனக்கு வாயூற வேண்டும்."

அவர் மறுபடி ஒரு துண்டை எடுத்தார். இந்த முறை அவசரப்படவில்லை. சிறுவயதில் குதிரைச் சேணத்தின் வாரை நக்கிப் பார்த்திருக்கிறாராம், அதில் யாரோ மிளகு தூவி, தேன் தடவினால் இப்படித்தான் இருக்கும் என்றார். பக்கத்தில் நின்ற பெண், தேன் இல்லை, திராட்சை வற்றல் என்றார். பச்சைத் தொப்பி அம்மணி இருவரையும் கையமர்த்திவிட்டு, இறைச்சி முதலில் உப்பாகத்தான் வரும், கொஞ்சம் பொறுத்தால் இனிப்பு வரும், அவசரப்படுகிறவர்களுக்கு அது கிடைக்காது என்று என்னைப் பார்த்துச் சொன்னார். எனக்கு உண்மையிலேயே வாயூறியது. மறைக்காமல் விழுங்கினேன். அதைப் பார்த்து அவர்களுக்கு இன்னும் உற்சாகம் வந்துவிட்டது.

மூன்றாவது இடமான வைன் பாரில் நான் சொன்னதைவிட அவர்கள் சொன்னதுதான் அதிகம். மலைச்சரிவில் விளைந்த வெள்ளை வைனை ஊற்றி, மணத்தை மட்டும் நான் சொன்னேன். மிச்சத்தை அவர்களிடம் விட்டேன். பச்சை அப்பிளைக் கடித்தால் பல் கூசுமே, சரியாக அந்த இடத்தில் நிற்கிறது இந்த வைன் என்றார் பல் வைத்தியர். யார் சொன்னது எனக்கு அதிகம் பசியைக் கிளப்பியது என்று அவர்களுக்குள் போட்டியே வந்துவிட்டது. போத்தல் தீர்ந்தபோது, முதல் கடைக்குத் திரும்பிப் போய் அந்தச் சீஸை மறுபடி சாப்பிட வேண்டும், முதல் தடவை அதைச் சரியாகக் கவனிக்கவில்லை என்றார் பச்சைத் தொப்பி அம்மணி. போனோம்.

எல்லாரும் கலைந்த பிறகு லக்ஷ்மிப்ரியாவும் நானும் ரயில் பாலத்துக்குக் கீழே நின்றோம். அவர் என்னைப் பார்க்காமல் தன் குடையை மடித்துக்கொண்டே பேசினார்.

"எனக்கு எம்.பி.ஏ. சீட் கிடைக்கணும்னு எங்க அம்மா திருப்பதிக்கு வேண்டிக்கிட்டாங்க. வேண்டிக்கிட்டது அவங்க, முடி என்னோடது. இடுப்பு வரைக்கும் இருந்துச்சு. மொட்டைத் தலையோடதான் முதல் நாள் கிளாஸுக்குப் போனேன்."

"கோபம் வரேல்லையோ?"

"வராம என்ன? வந்துச்சு. இன்னும் இருக்கு." குடையின் பட்டியைப் பூட்டினார். "அதுக்காகத்தான் இந்த வேலையை உங்களுக்குக் கொடுக்கறேன்னு தப்பா நினைக்காதீங்க. கோட்டு மாட்டிக்கறதுக்கு முன்னாடியே ஏழு பேர் ஜூலைக்குப் பேர் கொடுத்துட்டாங்க. முதல் வாய் வழிகாட்டியோடதுன்னு சொன்னேன் இல்ல? அதை மாத்திடலாம். மலையிலயும் இதே மாதிரி பண்ணுங்க."

"செய்யிறன். ஆனால் பெருநாளுக்குப் பிறகு நானும் சாப்பிடுவன். கடைசியாச் சாப்பிடுறன்."

"கடைசியா," என்று அவர் கையை நீட்டினார்.

வீட்டுக்குப் போனபோது அம்மா கதவைத் திறந்தார். வேலை கிடைத்ததா என்று கேட்கவில்லை. "வாயில வைச்சனியோ?" என்றுதான் கேட்டார்.

"இல்லை. வேலை கிடைச்சிட்டுது."

அம்மா கண்ணை மூடிச் சிலுவை போட்டுக்கொண்டார். திறந்ததும், "இதென்ன நாத்தம்?" என்று என் கோட்டுப் பைக்குள் கையை விட்டார். துவாயோடு ஒட்டிக்கிடந்த சீஸை வெளியே எடுத்து மோந்து பார்த்தார். மன்னார்க் கடற்கரையில் பிறந்தவர். முகம் மெல்ல மலர்ந்தது. "இது கருவாடெல்லோ!" என்றார்.

பெருநாள் காலையில் பூசை முடிந்து வந்ததும் புதுசாக வாங்கி வைத்திருந்த அதே சீஸை வெட்டினேன். அம்மாதான் முதல் துண்டை எடுத்தார். இரண்டாவது துண்டையும் அவரே எடுத்தார். நான் ஒரு கிளாஸ் வைனோடு என் வாயை மீட்டுக்கொண்டிருந்தேன். அம்மா கையைத் துடைத்துவிட்டு, கொஞ்சம் தயங்கி, வழமையில்லாத ஒரு குரலில் பேசினார்.

"பிள்ளை, நீ மலையில ஏறி இறங்கப் போறாய். விழாமல் கொள்ளாமல் வரோணும். ஆடியில மாதாவிட்டப் போகேக்க ஒண்டு நேர வேணும். ஆரின்ர வாயைச் சொல்ல? என்ரயையோ, உன்ரயையோ?"

கேட்டுவிட்டார். அப்பாவின் சிகரெட்டுக்குக் கேட்காதவர், தம்பியின் பிளேஸ்டேஷனுக்குக் கேட்காதவர், என்னிடம் கேட்டுவிட்டார். சண்டை பிடிக்க எத்தனையோ வசனம் சேர்த்து வைத்திருந்தேன். அவற்றை விட்டுவிட்டு இன்னொரு துண்டு சீஸை வெட்டி அவரிடம் நீட்டினேன். அம்மாமேல் அவ்வளவு பாசம் வந்தது.

"என்ரயையே சொல்லுங்கோ. ஆனால் வைன், சீஸ் வேண்டாம். புட்டைச் சொல்லுங்கோ. திரும்பி வரும்வரைக்கும் புட்டு வாயில வைக்க மாட்டன்."

"அந்த மலையில புட்டு எங்கால?" அம்மா என்னைக் கூர்ந்து பார்த்தார். "மாதாவை ஏமாத்தப் பாக்கிறியோ?"

"உங்கட மகள்தானே," என்றேன். அம்மாவும் சிரித்துவிட்டார். ஆடியில் போய் அப்படியே நேர்ந்தும் விட்டார்.

ஜூலைக் கடைசியில் நான் அந்த மலை நகரத்தில் நின்றேன். முதல் நாள் நடை நன்றாக முடிந்திருந்தது. பல் வைத்தியர் பால் பண்ணையில் பேசத் தொடங்கியவர் நிறுத்தவேயில்லை. எல்லாரும் அறைக்குப் போன பிறகு, எங்கள் கடைசி நிறுத்தமான ஹோட்டலின் குசினி வாசலில் நின்று அம்மாவோடு போனில் கதைத்துக்கொண்டிருந்தேன். விழவில்லை, குளிரவில்லை, சாப்பிட்டேன் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது, உள்ளேயிருந்து வெள்ளை ஏப்ரனோடு ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"தங்கச்சி, எங்கட ஆளோ? தமிழ் கேட்டுது. நான் கொட்வின். இஞ்ச இருபது வருசமாச் சமையல். குசினிக்குள்ள நாங்கள் அஞ்சு பேரும் தமிழ்தான்." பதிலுக்குக் காத்திராமல் என் கையைப் பிடிக்காத குறையாக உள்ளே கூப்பிட்டார். "நல்ல நேரத்தில வந்தியள். இப்பதான் எங்களுக்கெண்டு புட்டு அவிச்சு இறக்கினன். மீன் குழம்பும் கிடக்கு. இருங்கோ, இருங்கோ."

மேசையில் தட்டை வைத்தார். தேங்காய்ப்பூ நடுவில் வெள்ளை வெள்ளையாகத் தெரிய, புட்டிலிருந்து ஆவி பறந்தது. ஐரோப்பாவின் அவ்வளவு உயரத்தில், பனிமலைக்குக் கீழே, அரிசிமாப் புட்டு.

போன் இன்னும் காதில்தான் இருந்தது.

"கேட்டுதோ அம்மா?"

"கேட்டுது," என்றார் அம்மா. சிரிப்பை அடக்க அவர் படுகிற பாடு செவன் கிங்ஸிலிருந்து இங்கே தெளிவாகக் கேட்டது. "மாதாவுக்கு எல்லா இடமும் தெரியும் பிள்ளை. சரி, வைக்கிறன்."

நான் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தேன். தட்டை மெதுவாக அவர் பக்கம் தள்ளினேன்.

"நீங்கள் சாப்பிடுங்கோ கொட்வின் அண்ணை. சாப்பிட்டிட்டு எப்பிடி இருக்கெண்டு எனக்குச் சொல்லுங்கோ. நல்லாயிருக்கு எண்டு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ."